சாபம் பட்ட மண்ணா? கப்பல் கண்ட கரையா?

புதுச்சேரிக்கு வடக்கே, திண்டிவனம் செல்லும் பெருஞ்சாலையை விட்டுச் சிறிது விலகினால் இரும்பை என்னும் சிற்றூர் தென்படும். விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தைச் சேர்ந்த ஊர் அது. செம்மண் மேட்டின்மேல் அமைந்தது. கிழக்கே கடல், வடகிழக்கே கழுவெளி என்னும் பெருநீர்நிலை, அதனையும் கடந்தால் மரக்காணத்து உப்பளங்கள். ஊரிலே ஒரு கோயில் உண்டு. சம்பந்தர் பாடிய மாகாளம் என்பர். கோயில் இருந்தால் கதை இருக்கவேண்டுமன்றோ? இரும்பைக்கும் ஒரு கதை இருக்கிறது.

கடுவெளிச் சித்தர் என்பவர் அவ்வூர் அரசமரத்தடியில் கடுந்தவம் இருந்தாராம். தவத்தின் வெப்பத்தால் மழை பொய்த்ததாம். அஞ்சிய அரசன், வள்ளி என்னும் தாசியை ஏவித் தவத்தைக் கலைத்தானாம். மழை பொழிந்ததாம். மகிழ்ச்சி விழாவில் வள்ளி ஆடினாளாம். ஆட்டத்தின் நடுவே காற்சிலம்பு கழன்றதாம். சித்தர் அதை எடுத்து அவள் காலில் பூட்டினாராம். கூட்டம் நகைத்ததாம், சித்தர் சினந்தாராம், இலிங்கம் வெடித்ததாம், இம்மண்ணில் புல்லும் முளையாது என்ற சாபம் பிறந்ததாம். அரசன் அழுது வேண்ட, பிற்காலத்தில் தொலைநாட்டார் இங்கே வருவர், அவரால் மண் பசுமை பெறும் என்று சித்தர் மனம் இரங்கினாராம்.

எத்தனை 'ஆம்'! ஒவ்வோர் 'ஆமு'க்கும் ஒரு 'ஏன்' கேட்டுப் பாருங்கள், கதை நிற்கிறதா என்று. நகைத்தது கூட்டம், தண்டனை பெற்றது மண். ஏவியவன் அரசன்; வாடியவன் உழவன். தூண்டிலில் கோக்கும் புழுவாக ஒரு பெண். அவளுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பாரில்லை. பொட்டுக்கட்டும் கொடுமையைச் சட்டத்தால் ஒழிக்கச் சென்னை மாகாணம் 1947ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. கதையோ, தாசி முறையைக் குற்றம் என்றுகூடக் கருதாமல், அரசனுக்கு அமைந்த நல்ல கருவியாகக் காட்டிவிட்டுச் செல்கிறது.

இதே வட்டத்துத் திருவக்கரையில், ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகட்கு முன் மண்ணில் புதைந்து கல்லாக மாறிய பெருமரங்கள் கிடக்கின்றன. சொன்னெரா என்னும் பிரெஞ்சுக்காரர் 1781ஆம் ஆண்டிலேயே அவற்றைப் பற்றி எழுதினார். புராணிகர் அவற்றிற்கும் கதை கட்டினர். திருமால் கொன்ற அரக்கனின் எலும்புகள் என்றனர். மரம் கல்லானால் அரக்கன் எலும்பு. மண் வறண்டால் சித்தர் சாபம். காரணம் தேடும் உழைப்பை மிச்சப்படுத்தும் வித்தை இது!

1968ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் இரும்பைக்கு அருகே ஆரோவில் நகருக்கு அடிகோலினர். பல நாட்டு மக்கள் வந்தனர், மரம் நட்டனர். உடனே, சித்தர் வாக்குப் பலித்தது பார் என்று பழைய கதைக்குப் புதிய வால் முளைத்தது.

நாம் கேட்கும் கேள்வி ஒன்றே. தொலைநாட்டார் வருவார் என்று ஒரு சித்தர் வந்து சொல்லவேண்டுமா, இந்தக் கரைக்கு? ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே அவர்கள் வந்தார்களே! கப்பலில் வந்தார்களே! பண்டம் கொணர்ந்தார்களே! இந்தக் கரையிலிருந்து நம்மவரும் அவர் நாட்டுக்குச் சென்றார்களே! அந்த உண்மையை ஊரார் மறந்ததேன்? சாபம் மட்டும் நினைவில் நின்றதேன்?

இரும்பையை நடுவில் வைத்து வடக்கேயும் தெற்கேயும் நோக்குவோம். தெற்கே, புதுச்சேரியைக் கடந்து, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. வடக்கே மரக்காணம். கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்து நாட்டுக் கிரேக்க வணிகன் ஒருவன், பெயர் சொல்லாமல், கடல்வழி கையேடு ஒன்று எழுதி வைத்தான். செங்கடலினின்று புறப்பட்டு இந்தியக் கரைவரை எந்தத் துறையில் என்ன பண்டம் கிடைக்கும், எங்கே நங்கூரம் பாய்ச்சலாம் என்று அடுக்கிச் சொல்லும் பெரிப்புளுஸ் என்னும் நூல் அது. அதிலே தமிழகக் கீழைக்கரையின் துறைகள் மூன்று வரிசையாக வருகின்றன: கமரா, பொதுகே, சோபத்மா. கமரா காவிரிப்பூம்பட்டினம் என்றும், பொதுகே அரிக்கமேடு என்றும், சோபத்மா மரக்காணம் என்றும் ஆராய்ச்சியாளர் பலர் கொள்கின்றனர்.

அந்த வணிகன் சொல்லும் செய்தி இன்னொன்றும் உண்டு. இத்துறைகளில் உள்ளூர்க் கலங்கள் நின்றன என்கிறான். கரையோரம் செல்லும் சிறு கலங்கள்; பெருமரங்களைப் பிணைத்துக் கட்டிய சங்கரா என்னும் கலங்கள்; கங்கைக்கும் பொன்னாடு எனப்பட்ட கீழைத் தீவுகட்கும் செல்லும் மிகப் பெரிய கொலாந்தியாக் கலங்கள். வந்தவன் கப்பல் மட்டும் நின்ற துறையன்று இது. இருந்தவன் கப்பலும் நின்ற துறை. இவ்வேறுபாட்டை இளைஞர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

வெளியார் சான்று இது. வீட்டுச் சான்று வேண்டுமா? சிறுபாணாற்றுப்படை இருக்கிறது. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இந்தக் கடற்கரைப் பகுதிக்கே உரியவர். பாடப்பட்டவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். திண்டிவனத்தை அடுத்த கிடங்கில் அவனுடைய ஊர். வறுமையால் வாடிய பாணனை அவனிடம் ஆற்றுப்படுத்தும் புலவர், எயிற்பட்டினம் என்னும் துறைமுகத்தின் வழியே அனுப்புகிறார். மரக்காணமே அந்த எயிற்பட்டினம் என்பது பெரும்பாலார் முடிபு.

அங்கே பாணன் காணப்போவது என்ன? கடல் அலை கரையில் ஒதுக்கிய மணமுள்ள கட்டைகள், உறங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடக்கின்றன. அக்கட்டைகளை விறகாக எரித்து நுளையர் மகள் கள் காய்ச்சுகிறாள். பரதவர் அதனைப் பாணனுக்கு வார்க்கின்றனர். சுட்ட உலர்மீனும் தருகின்றனர். நெய்தல் நிலத்துப் புலவனுக்கு ஒட்டகம் எங்கிருந்து வந்தது? பாலைவனம் காணாத தமிழ்க் கரையில் ஒட்டகத்தின் படுக்கை வடிவம் உவமையாகிறதென்றால், அந்த விலங்கையோ அதனை அறிந்த மாந்தரையோ அக்கரை கண்டிருக்க வேண்டும். விலை மிகுந்த நறுமணக் கட்டை அடுப்பெரிக்க ஆகிறதென்றால், அலைவழி வந்து சேர்ந்த பொருட்குப் பஞ்சமில்லை என்பது பொருள்.

இன்னும் ஒன்று. அந்தத் துறைமுகத்தில் விருந்தினனை எதிர்கொண்டவர் யார்? அரசனல்லன், அர்ச்சகனல்லன். கடலில் வலைவீசிய பரதவரும் அவர் வீட்டுப் பெண்டிரும். துறைக்கு உரியவர் அவர்கள். உண்டதும் அவர்கள் ஆக்கிய உணவு. உப்பு விளைத்தவரும், அதனை வண்டியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டு சென்ற உமணரும் அவரை அடுத்து வாழ்ந்தவர்கள். துறைமுகம் என்பது கப்பல் நிற்கும் இடம் மட்டுமன்று. கரைவாழ் மக்கள் தலைநிமிர்ந்து நின்று வந்தவனை வரவேற்கும் இடம்.

பாட்டைக் கற்பனை என்று தள்ளுவோரும் உளர். அவர்கட்கு மண்வெட்டி விடை தந்தது. 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தார். 1947 முதல் 1950 வரை கசால் என்னும் பிரெஞ்சு அறிஞர் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மீண்டும் ஆராய்ந்தார். இத்தாலியின் அரெசோவில் வனைந்த செந்நிறக் கிண்ணங்கள் கிடைத்தன. மது வந்த இருகைச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. மணி செய்யும் பட்டறைகளின் தடயங்கள் குவிந்தன. கண்ணாடியை உருக்கி, நீண்ட குழலாக இழுத்து, துண்டுகளாக நறுக்கிச் செய்யும் சிறு மணிகள் அரிக்கமேட்டின் கைவண்ணம். அவ்வகை மணிகள் ஆப்பிரிக்காவின் கீழைக்கரை முதல் கொரியா வரை பரவிக் கிடக்கின்றன. மந்திரம் செய்த மணியல்ல. உலைமுன் நின்று வியர்த்த தொழிலாளி செய்த மணி.

இந்தியாவின் பண்டங்கட்காக ஆண்டுதோறும் ஐந்து கோடி செசுடர்சு நாணயம் உரோமப் பேரரசை விட்டு வெளியேறுகிறது என்று பிளினி குறைப்பட்டுக் கொண்டான். வாங்கியவன் குறைப்பட்டான், விற்றவர் நம்மவர். வாங்க வந்தவன் மட்டுமன்று, விற்கச் சென்றவனும் உண்டு என்பதற்குச் சான்று எகிப்தின் செங்கடற் கரையில் கிடைத்தது. மியோஸ் ஹொர்மோஸ் என்னும் துறையினின்று ஆண்டுக்கு நூற்றிருபது கப்பல்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டன என்று ஸ்திராபோ எழுதினான். அத்துறை இருந்த இடம் இன்றைய குசெய்ர் அல்-கதீம். அங்கே அகழ்ந்தபோது கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ் எழுத்தில் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. பட்டம் இல்லை, பாராட்டுரை இல்லை. தன் பானை தன்னது என்று எழுதி வைத்த எளிய மனிதர்கள். எழுதத் தெரிந்த எளிய மனிதர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கிழக்கே செல்லுங்கள். தாய்லாந்து நாட்டில் குவான் லுக் பத் என்னும் இடத்தில் ஓர் உரைகல் கிடைத்தது. பெரும்பதன் கல் என்று தமிழ் எழுத்தில் அதன்மேல் பொறித்திருக்கிறது. பெரும்பதன் ஒரு பொற்கொல்லன். பொன்னை உரைத்துப் பார்க்கும் கல்லை மடியில் வைத்துக்கொண்டு கடல் கடந்தவன். அவன் பாடல்பெற்ற தலத்துக்குப் போகவில்லை. பிழைக்கப் போனான், தொழில் செய்யப் போனான். அவனை எந்தப் புராணமும் பாடவில்லை. அவன் கையில் இருந்த கல் மட்டும் காலத்தை வென்று சான்று சொல்லுகிறது.

இத்தகைய கடலோடிகளைச் சாத்திரம் எங்கே வைத்தது? போதாயன தர்ம சூத்திரம், சாதியிலிருந்து வீழ்த்தும் பாவங்களின் பட்டியலில் கடற்பயணத்தைச் சேர்த்தது. மனுநூலோ, திதிச் சோற்றுக்கு அழைக்கத்தகாதவர் யார் யார் என்று மூன்றாம் அத்தியாயத்தில் வரிசைப்படுத்துகிறது. வீட்டுக்குத் தீ வைப்பவன், நஞ்சிடுபவன், பொய்ச்சான்று சொல்பவன் ஆகியோர் நிற்கும் அதே வரிசையில் கடலில் செல்பவனும் நிற்கிறான். எண்ணெய் ஆட்டுபவனும் நிற்கிறான்! கொலைஞனும் கடலோடியும் ஒரே தட்டில்! உழைப்பின்மேல் இருந்த வெறுப்பு எவ்வளவு என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? பின்வந்த உரைகாரர்கள், கலியுகத்தில் விலக்கத்தக்கவை எனத் தொகுத்த பட்டியலிலும் கடற்செலவைச் சேர்த்துப் பூட்டின்மேல் பூட்டிட்டனர்.

ஏட்டில் இருந்ததுதானே, நாட்டில் நடந்ததா என்று கேட்கலாம். நடந்தது. 1888ஆம் ஆண்டு, சட்டம் படிக்க இலண்டன் செல்ல முனைந்த மோகன்தாஸ் காந்தியை, அவருடைய சாதித் தலைவர்கள் பம்பாயில் கூடிச் சாதிநீக்கம் செய்தனர். கணித மேதை இராமானுசன் 1914ஆம் ஆண்டு சென்னைத் துறையில் கப்பலேறிக் கேம்பிரிட்சு சென்றார். 1919ஆம் ஆண்டு நோயாளியாய்த் திரும்பினார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள் மறைந்தார். உலகம் வணங்கிய அந்த அறிஞரின் இறுதிச் சடங்குக்கு வைதிக உறவினர் பலர் வரவில்லை. காரணம்? கடல் கடந்தவர், இராமேசுவரம் சென்று தீட்டுக் கழிக்கவில்லை! எழுந்து நடக்கவும் வலிமையற்றுக் கிடந்தவரிடம் தீட்டுக் கணக்குப் பார்த்தனர்.

சாத்திரம் ஒன்றே நம் துறைமுகங்களை அழித்தது என்று சொன்னால் அது வரலாறு ஆகாது. வெறும் வசை ஆகும். பகுத்தறிவாளன் தனக்கு இனிக்கும் காரணத்தையும் உரைத்துப் பார்க்கவேண்டும். உரோம வணிகம் தளர்ந்தது, ஆற்றுமுகங்கள் மணலால் தூர்ந்தன, அரசுகள் மாறின, வணிகம் வேறு துறைகளை நாடிற்று. கடல் கடப்பதும் நின்றுவிடவில்லை. சுமத்திராத் தீவின் பாரூசில் 1088ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவைச் சொல்கிறது. சீனத்துக் குவான்சோத் துறையில் 1281ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு நிற்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ, 1409ஆம் ஆண்டு நாளிட்ட கல்லொன்றை இலங்கையின் காலியில் நிறுத்தியபோது, சீனம், பாரசீகம் ஆகியவற்றோடு தமிழிலும் பொறித்தார். கடல்வழியில் தமிழ் ஒரு பொதுமொழியாய் இருந்தது என்பதற்கு அயலார் தந்த சான்று இது.

அப்படியானால் சாத்திரம் செய்ததென்ன? கப்பலை அது நிறுத்தவில்லை. கப்பலில் சென்றவனின் மதிப்பைப் பறித்தது. கடல் தெரிந்தவனைத் தாழ்ந்தவன் என்றது. கடல் தெரியாதவனைப் பூசுரன் என்றது. பரதவர், கரையார், மரக்காயர் ஆகியோர் அலைமேல் உயிரைப் பணயம் வைத்து நாட்டுக்குப் பொருள் சேர்த்தனர். ஏடு எழுதும் கோல் வேறொருவர் கையில் இருந்தது. அதனால்தான் எயிற்பட்டினத்தின் துறை மறந்துபோயிற்று. இரும்பையின் சாபம் மறவாமல் நின்றது. துறைமுகம் மணலில் புதைந்தது ஒருமுறை. மனத்தில் புதைக்கப்பட்டது மறுமுறை.

தன் கடலைத் தான் மதிக்காத நாட்டின் கரையில் அயலான் கொடி நடுவது எளிது. மரக்காணத்திற்கு வடக்கே ஆலம்பரை என்னும் கோட்டை இடிந்து கிடக்கிறது. முகலாயர் ஆட்சியில் எழுந்தது. 1750ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேக்குப் பரிசாயிற்று. 1760ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கைப்பற்றிச் சிதைத்தனர். பரிசளித்தவன் முசபர் ஜங், பெற்றவன் தூப்ளே. கரைவாழ் மக்களை ஒரு வார்த்தை கேட்டவர் எவரும் இலர்.

பின்னர் உப்பின்மேலும் கை விழுந்தது. 1805ஆம் ஆண்டு கும்பினி ஆட்சி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் தனியுரிமை ஆக்கிற்று. கடல் தரும் நீர், கதிரவன் தரும் வெப்பம், உழைப்பாளி தரும் வியர்வை. இம்மூன்றால் விளைந்த பொருள்மேல் அயலான் முத்திரை! மரக்காணத்தைத் தென்முனையாகக் கொண்டு பெத்தகஞ்சம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளும் பக்கிங்காம் கால்வாய் வழியே உப்பும் விறகும் படகேறிச் சென்னை சென்றன. அக்கால்வாயில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி, 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சத்தில், பசியால் துடித்த மக்களை வேலை வாங்கி வெட்டியது. ஆளுநர் பக்கிங்காம் பெயர் கால்வாய்க்கு வந்தது. வெட்டியவன் பெயர் எங்கும் இல்லை.

இதே நூற்றாண்டில் இக்கடலிலே வேறொரு காட்சியும் அரங்கேறிற்று. பிரித்தானியர் தம் குடியேற்றங்களில் 1834ஆம் ஆண்டும், பிரெஞ்சுக்காரர் 1848ஆம் ஆண்டும் அடிமை முறையை ஒழித்தனர். கரும்புத் தோட்டங்கட்கு ஆள் வேண்டுமே! ஒப்பந்தக் கூலி என்னும் புதுப்பெயர் பிறந்தது. புதுச்சேரி, காரைக்கால் துறைகளினின்று தமிழர்கள் கப்பலேற்றப்பட்டனர். 1853 முதல் மார்த்தினிக்குத் தீவுக்கும், 1854 முதல் குவாதலூப்புக்கும் சென்றனர். சென்னையினின்று புறப்பட்ட துரூரோ என்னும் கப்பல், 1860 நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது.

கடல் கடந்தால் சாதி கெடும் என்ற வைதிகம் இவர்களுக்காக வாய் திறந்ததா? ஏழைத் தமிழன் ஆயிரமாயிரமாய்க் கப்பலின் அடித்தளத்தில் அடைபட்டுச் சென்றபோது எந்த மடாதிபதி தடுத்தார்? கற்கச் செல்பவனைச் சாத்திரம் தடுக்கும்; கட்டாயக் கூலியாய்ச் செல்பவனைக் கண்டுகொள்ளாது. அவன் பிறப்பிலேயே தள்ளப்பட்டவன். கெடுவதற்கு அவனிடம் என்ன இருக்கிறது என்ற ஏளனம்! இதுதான் சாத்திரத்தின் உள்முகம்.

இந்தக் கடலை மீட்க முயன்றவர்களும் தோன்றினர். 1906ஆம் ஆண்டு வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்டார். 1908ஆம் ஆண்டு அவரைச் சிறைக்கு அனுப்பினர். அறிவுத் துறையில் மீட்டவர் தந்தை பெரியார். 1929 டிசம்பரில் நாகப்பட்டினத்தினின்று கப்பலேறி மலேயா, சிங்கப்பூர்த் தமிழரிடையே சுயமரியாதை முழக்கம் செய்தார். 1931 டிசம்பரில் சென்னையினின்று கப்பலேறி ஐரோப்பிய நாடுகளையும் சோவியத் நாட்டையும் கண்டு, 1932 நவம்பரில் திரும்பினார். தீட்டுக் கழிக்க இராமேசுவரம் போனாரா? தாம் கண்டதை ஊர் ஊராய்ச் சென்று எடுத்துரைத்தார்! கடல் கடந்தவன் கொண்டுவர வேண்டிய சரக்கு அதுதான்.

1926ஆம் ஆண்டு முதல் 1973ஆம் ஆண்டுவரை ரஜூலா என்னும் கப்பல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நாகப்பட்டினம், பினாங்கு துறைகளைத் தொட்டு ஓடியது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் சென்ற தமிழர்கள், உண்டியல் பணமும் இயக்க ஏடுகளும் இரு கரைக்கும் கொண்டு சேர்த்தனர். துறை என்பது அவர்கட்குச் சுற்றிப் பார்க்கும் இடமன்று. பிழைப்பு தேடி இறங்கும் படி.

இன்று வேறு வகைக் கப்பல் வருகிறது. சரக்குக்கன்று, கூலிக்கன்று, இன்பத்துக்காகவே ஓடும் கப்பல். 1900ஆம் ஆண்டு செருமனியில் கட்டி முடித்த பிரின்செசின் விக்டோரியா லூயிஸ் என்னும் கப்பல், உலாவுக்கென்றே அமைந்த முதற்கப்பல் என்பர். இன்று ஒரே கப்பலில் ஏழாயிரம் பயணிகள் செல்லுமளவுக்கு அத்தொழில் பெருத்துவிட்டது. மிதக்கும் மாளிகை ஒரு துறையில் காலையில் நிற்கும், மாலையில் மறையும். உணவு கப்பலில், உறக்கம் கப்பலில், வேடிக்கை கப்பலில். கரைக்கு எஞ்சுவது என்ன?

வெனிசு நகரத்தார் இக்கேள்வியைக் கேட்டனர். கட்டடங்களும் காயலும் கெடுகின்றன என்று மக்கள் பல்லாண்டு போராடினர். 2021 ஆகஸ்ட் 1ஆம் நாள் முதல் பெருங்கப்பல்கள் நகரின் நடுக்கால்வாயில் நுழைய இத்தாலிய அரசு தடை விதித்தது. எயித்தி நாட்டின் கதையோ வேறு. அடிமைகள் கிளர்ந்தெழுந்து 1804ஆம் ஆண்டு விடுதலை நாடு கண்ட மண் அது. அங்கே லபாடி என்னும் கடற்கரையை 1986ஆம் ஆண்டு முதல் ராயல் கரீபியன் என்னும் கப்பல் நிறுவனம் குத்தகைக்கு எடுத்தது. சுற்றிலும் வேலி எழுந்தது. வந்தவன் வேலிக்கு உள்ளே. இருந்தவன் வேலிக்கு வெளியே. எயிற்பட்டினத்தில் பரதவர் விருந்தளித்த காட்சியையும் லபாடியின் வேலியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். துறைமுகம் என்னும் சொல் ஒன்றுதான், பொருள் இரண்டு.

நம் கரையிலும் கேள்வி எழுந்துவிட்டது. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்தினின்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஓர் இன்பச் சுற்றுலாக் கப்பலைத் தொடங்கி வைத்தார். அக்கப்பல் விசாகப்பட்டினம் சென்று புதுச்சேரிக் கடலை அடைந்தபோது, அதில் சூதாட்டக் கூடம் இருக்கிறது என்ற எதிர்ப்பால் அவ்வாண்டு கரைதொட ஒப்புதல் கிடைக்கவில்லை. அரிக்கமேட்டுக்கு அருகே, பண்டைய பொதுகேயின் வாயிலிலே நடந்த நிகழ்ச்சி அது. சூது தீது என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் சூதாட்டம் உண்டா இல்லையா என்பதோடு விவாதம் முடிந்துவிடலாகாது. கப்பல் வந்தால் வலைஞன் வலைவீசும் இடம் என்னாகும்? கழிவு எங்கே போகும்? கரையில் எழும் விடுதிகளில் கரைவாழ் இளைஞனுக்குத் தட்டு ஏந்தும் வேலை மட்டுமா, பங்கும் உண்டா? வருவோர்க்கு நாம் காட்டப்போவது அரிக்கமேட்டின் மணிப்பட்டறையையா, இரும்பையின் சாபக் கதையையா?

மரக்காணத்து உப்பளத்தைப் பாருங்கள். தை மாதம் தொடங்கிப் பாத்தி கட்டி, மண்ணை மிதித்து இறுக்கி, உவர்நீரைப் பாத்தி பாத்தியாய் மாற்றி, வெயில் ஏற ஏற வெளுக்கும் உப்பைப் பலகையால் வாரிக் குவிக்கிறார்கள் ஆணும் பெண்ணும். வெண்மையின் ஒளி கண்ணை அரிக்கிறது. உவர்நீர் காலைப் புண்ணாக்குகிறது. மழை தொடங்கினால் வேலை இல்லை, கூலி இல்லை. எயிற்பட்டினத்துத் துறைமக்கள் வாழ்ந்த அதே கரை இது. சுற்றுலா வந்தவன் அக்குவியல்களைப் படம் எடுத்துக்கொண்டு போகிறான், அழகு என்கிறான். அழகுதான்; ஆனால், அந்த அழகைக் குவித்தவள் நிழலுக்கு ஒரு கொட்டகை கேட்கிறாள்; மழைக்காலத்துக்கு ஒரு கஞ்சி கேட்கிறாள். அவள் கேட்பது வரமன்று, உரிமை.

சாபத்தின் கதைக்கு முடிவும் சொல்லிவிடுவோம். இரும்பை மேடு வறண்டது எதனால்? மரங்களை வெட்டினர்; மேய்ச்சல் மிகுந்தது; மறைப்பற்ற செம்மண்ணை மழை அறுத்தது; மேட்டில் பள்ளத்தாக்குகள் பிளந்தன; வளமான மேல்மண் கடலுக்குப் போயிற்று. 1968ஆம் ஆண்டுக்குப் பின் பசுமை பெற்றது எதனால்? வரப்புக் கட்டினர், ஓடைகளைத் தடுத்தனர், இலட்சக்கணக்கில் கன்று நட்டனர், நீர் ஊற்றினர். தொலைநாட்டார் நட்டனர், உண்மை. அவரோடு அக்கம்பக்கத்துச் சிற்றூர்த் தமிழரும் மண் வெட்டினர், குடம் சுமந்தனர், அதுவும் உண்மை. வெட்டிய கை வறட்சியைக் கொணர்ந்தது. நட்ட கை பசுமையைக் கொணர்ந்தது. நடுவில் சித்தருக்கு என்ன வேலை?

மண் ஒருவன் சொல்லால் கெடுவதில்லை. ஒருவன் வாக்கால் செழிப்பதுமில்லை. துறையும் அப்படியே. கடலை மதித்து, கடலோடியை மதித்து, உப்பு விளைப்பவளை மதித்து, வருபவனோடு சரிநிகராய் நின்று வாணிகம் செய்யும் மக்கள் இருந்தபோது இக்கரை உலகின் வழித்துறையாய் இருந்தது. அம்மக்களை இழிந்தவர் என்று ஒதுக்கியபோது, கரை அயலானுக்குப் பரிசாயிற்று. மக்கள் அயல்நாட்டுக்குக் கூலியாயினர்.

தோழர்களே! மீண்டும் கப்பல்கள் வரட்டும். வேண்டாம் என்பது நம் கட்சியன்று. உலகை அஞ்சி ஒதுங்குவது சாத்திரத்தின் வேலை, நம் வேலையன்று. ஆனால் வேலி எழாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. பள்ளி மாணவரை அரிக்கமேட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். எயிற்பட்டினம் இதுதான் என்று மரக்காணத்துச் சிறுவனுக்குச் சொல்லுங்கள். செங்கடற் கரையில் பானையில் பெயர் எழுதிய கணனும் சாதனும் அவனுடைய மூதாதையர் என்று சொல்லுங்கள். இரும்பையின் கதையைக் கேட்டால், கேட்டுவிட்டு, 'ஏன்' என்று ஒரு சொல் கேளுங்கள். அந்த ஒரு சொல் பிறந்த கரையில் சாபம் தங்காது.